மெதுவாக நடப்பவரின் கணக்கில் ஒரு பயணம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு ஆண்டில் ஊருக்கு வரவிருக்கும் பழைய மாணவிகளுக்கு உடல்நலம் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி விழாக்குழுவினர் கேட்டார்கள். தடுப்பூசி, டெங்கு, குடிதண்ணீர் என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு நான் அமர்ந்துவிடலாம். ஆனால் கடந்த சில வருடங்களாக, ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் என் கிளினிக்கிற்கு வருகின்ற வெளிநாட்டு உறவுகளிடம் ஒரு புதிய வழக்கத்தைப் பார்க்கிறேன். "எத்தனை நாள் நிற்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால் கைத்தொலைபேசியை நீட்டுகிறார்கள். முதலாம் நாள், இரண்டாம் நாள் என்று இருபது, இருபத்தைந்து நாட்களுக்கும் அழகாக வகுத்த ஒரு திட்டம் அதில் இருக்கும். யார் போட்டது என்றால், செயற்கை நுண்ணறிவு என்பார்கள். அந்தத் திட்டத்தின் ஐந்தாம் நாளிலோ ஆறாம் நாளிலோ கால் வீங்கி, அல்லது சீனி ஏறி, அல்லது சோர்ந்து போய் ஒரு தாயார் என் முன்னால் இருப்பார். ஆகவே, நீண்ட விடுமுறைப் பயணம் ஒன்றைத் திட்டமிட இந்தக் கருவிகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை ஒரு வைத்தியரின் கண்ணோடு பேசலாம் என்று நினைத்தேன்.

முதலில், இந்தக் கருவிகள் என்ன செய்கின்றன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். சாட் ஜிபிடி 2022 நவம்பரில் பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. அதன் பின் ஜெமினி, கிளோட் என்று பல வந்துவிட்டன. பெருந்தொகையான எழுத்துக்களைக் கற்று, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து, வாக்கியங்களை அமைப்பதே இவற்றின் அடிப்படை. சில கருவிகள் இணையத்திலும் தேடிப் பார்த்துப் பதில் தருகின்றன. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். எண்பது வயதுத் தாயாரும் வாயால் கேட்டுக் காதால் பதிலைக் கேட்கலாம். இவையெல்லாம் நல்ல விடயங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எதைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருக்கிறதோ, அதுதான் இவற்றுக்கு அதிகம் தெரியும். சீகிரியா பற்றியும் எல்ல பற்றியும் மிரிஸ்ஸ பற்றியும் உலக மொழிகள் எல்லாவற்றிலும் பயணிகள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். காரைநகரைப் பற்றியும் கரவெட்டியைப் பற்றியும் அப்படி எழுதியவர்கள் குறைவு. எழுதப்படாத இடம் அதன் கண்ணில் படாது. ஆகவே, "இலங்கைக்கு மூன்று வாரம்" என்று மட்டும் கேட்டால், முதன்முறை வருகின்ற ஓர் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிக்கு ஏற்ற திட்டம்தான் வரும். யாழ்ப்பாணத்திற்குக் கடைசியில் இரண்டு மூன்று நாட்கள் கிடைக்கும்.

என் அக்காவிற்கும் அப்படித்தான் வந்தது. அவரும் இந்தக் கல்லூரியில் படித்தவர், ரொறன்ரோவில் இருக்கிறார். எங்கள் அம்மாவிற்கு 79 வயது. நீரிழிவுக்கு நாளுக்கு இரண்டு தடவை இன்சுலின் போடுபவர். முழங்கால் தேய்மானம் உண்டு. குருதியமுக்கத்திற்கு எடுக்கும் குளிசையால் அடிக்கடி சிறுநீர் போகும். 1996இல் ஊரை விட்டுப் போனவர், இன்னொருமுறை வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். அக்கா, அத்தான், 16 வயது மகன், 12 வயது மகள், அம்மா என ஐந்து பேர், 23 நாட்கள். அக்கா கருவியிடம் கேட்டுத் திட்டத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வாசிக்க அருமையாக இருந்தது. நள்ளிரவு கட்டுநாயக்காவில் இறங்கி, மறுநாள் விடிய சீகிரியா. ஏறத்தாழ 1200 படிகள். அடுத்த நாள் கண்டி, அதற்கடுத்த நாள் புகையிரதத்தில் எல்ல, பிறகு யால, பிறகு தென்கடற்கரை. 23 நாட்களில் 14 படுக்கைகள் மாறவேண்டியிருந்தது.

அதை நான் அம்மாவிற்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லா இடமும் வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா இதுக்குள்ள ஆக்கள் ஒருத்தரும் இல்லையே" என்றார்.

நான் எத்தனையோ வைத்திய அறிக்கைகளை வாசித்திருக்கிறேன். அவ்வளவு சரியான கண்டுபிடிப்பை அரிதாகவே கண்டிருக்கிறேன்.

வைத்தியக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பிப்பது ஊசி போடவோ மருந்து எழுதவோ அல்ல. நோயாளியிடம் கேட்கக் கற்பிப்பார்கள். தலையிடி என்று மட்டும் சொன்னால் அதற்கு நூறு காரணம் இருக்கும். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்கக் கேட்கத்தான் வழி தெளியும். இந்தக் கருவிகளோடும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அந்த விவரங்களை நாங்கள்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். இயந்திரம் எப்போதும் திருப்பிக் கேட்காது; கிடைத்ததை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிடும்.

ஆகவே அக்காவிடம், ஒரு நோயாளியை இன்னொரு வைத்தியருக்கு அனுப்பும்போது நாங்கள் கொடுக்கும் கடிதத்தைப் போல ஒன்றை எழுதச் சொன்னேன். அவர் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"எங்களில் மெதுவாக நடப்பவர் 79 வயதுத் தாயார். ஒரே மூச்சில் 200 மீற்றருக்கு மேல் நடக்க மாட்டார். படி ஏற மாட்டார். கொமட் உள்ள மலசலகூடம் வேண்டும். வாகனத்தில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். காலை ஏழரைக்கும் இரவு ஏழரைக்கும் ஊசி, அதையடுத்துச் சாப்பாடு. மத்தியானம் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். தங்குமிடம் ஐந்து தடவைக்கு மேல் மாறக்கூடாது. யாழ்ப்பாணத்தில் குறைந்தது 11 இரவுகள். பிள்ளைகளுக்குக் கடலும் மலையும் பார்க்க ஆசை. யாழ்தேவியில் யாழ்ப்பாணம் போக வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். இவற்றை வைத்துத் திட்டமிடவும். எழுதத் தொடங்கும் முன் தெரியவேண்டியவை ஏதும் இருந்தால் என்னிடம் கேட்கவும்."

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது. கேட்கச் சொன்னால் கேட்கும். எந்த மாதம், என்ன செலவு, யார் வாகனம் ஓட்டுவது என்று கேட்டது. அதன் பிறகு வந்த திட்டம் வேறொரு திட்டமாக இருந்தது. அத்தானும் பிள்ளைகளும் விடியற்காலையில் சீகிரியா ஏறிவிட்டு வரும்வரை அம்மாவும் அக்காவும் ஹபரணையில் ஓய்வெடுக்கலாம் என்று பிரித்துத் தந்தது. எல்லோரும் எல்லா இடத்திற்கும் போகத் தேவையில்லை என்பது குடும்பமாகப் போகும்போது எங்களுக்கு எளிதில் தோன்றாத யோசனை. அதற்கு நான் அந்த இயந்திரத்தைப் பாராட்டுகிறேன்.

காலநிலையிலும் அது கைகொடுத்தது. லண்டன், ரொறன்ரோப் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூலை, ஓகஸ்டில். சிட்னி, மெல்பேண் பிள்ளைகளுக்கு டிசெம்பர், ஜனவரியில். இந்த இரண்டு காலத்திற்கும் ஒரே திட்டம் பொருந்தாது. சோளகக் காற்றுக் காலத்தில் தென்மேற்குக் கடல் கொந்தளிக்கும்; திருகோணமலை, நிலாவெளிப் பக்கம் அமைதியாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். எங்கள் ஆச்சிமாருக்கு இது மனப்பாடம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. அக்காவின் பயணம் ஓகஸ்டில் என்றவுடன் தென்கடற்கரையை எடுத்துவிட்டு நிலாவெளியைப் போட்டது.

இனி, எங்கே கவனம் வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

இந்தக் கருவி தெரிந்ததைச் சொல்லும் அதே குரலில் தெரியாததையும் சொல்லும். தடுமாறாது, தயங்காது. அக்காவின் திட்டத்தில் நெடுந்தீவுக்கு வானில் போவதாக எழுதியிருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் போக வேண்டிய தீவு அது. காற்றுக் கடுமையானால் படகும் ஓடாது. தங்குவதற்கு என்று பெயர் சொல்லித் தந்த விடுதி ஒன்று அந்தத் தெருவிலேயே இல்லை. இடப்பெயர்களிலும் குழப்பம் வரலாம். அம்பாறை மாவட்டத்தில் ஒரு கல்முனை உண்டு. பூநகரியிலும் ஒரு கல்முனை உண்டு. ஆகவே ஊரின் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புகையிரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டும் வந்தது. பிறகு 2024இல் மாகோவிற்கும் அநுராதபுரத்திற்கும் இடையே பாதை திருத்த வேலைகளுக்காகக் கொழும்பிலிருந்து வடக்கிற்கான நேரடிச் சேவை மாதக்கணக்கில் தடைப்பட்டது. பழைய நேரசூசியைக் கற்ற இயந்திரத்திற்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பிப் புறப்பட முடியாது. நேரசூசியைப் புகையிரதத் திணைக்களத்திடமும், விசா விதிகளைக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும், படகு ஓடுகிறதா என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடமும் கேளுங்கள். மாறக்கூடிய எதையும், அதை மாற்றும் அதிகாரம் உள்ளவரிடமே உறுதிசெய்யுங்கள்.

போயா நாட்களையும் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே அரச விடுமுறை. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்க, காணி விடயம் பார்க்க என்று பலர் வருகிறீர்கள். அன்று பிரதேச செயலகமும் வங்கியும் பூட்டியிருக்கும். இந்த வேலைகள் உங்களுக்கு உண்டு என்று நீங்கள் சொன்னால்தான் கருவி அதற்கு நாள் ஒதுக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். அதன் திகதிகள் வருடத்திற்கு வருடம் மாறும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பதும் கடினம்.

மருந்து விடயத்திற்கு வருகிறேன். இங்கேதான் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

கருவியிடம் கேட்டு உங்கள் இன்சுலின் அளவை மாற்றாதீர்கள். ரொறன்ரோவிற்கும் கொழும்பிற்கும் கோடைகாலத்தில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். கிழக்கு நோக்கிப் பறக்கும்போது நாள் குறுகிவிடும். ஊசியின் நேரமும் அளவும் மாற வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பதை உங்கள் உடலைத் தெரிந்த வைத்தியரே சொல்ல வேண்டும். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்கக் கருவியைப் பயன்படுத்தலாம். அது நல்ல பயன். இன்சுலினைக் கைப்பையில் வைத்திருங்கள். விமானத்தின் சாமான் அறையில் அது உறைந்து பழுதாகலாம். மருந்துச் சீட்டின் பிரதியையும் கூட வைத்திருங்கள். எங்கள் வெயிலில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத இடத்தில், ஈரமணலில் வைத்த மண்பானை நல்ல உதவி செய்யும்.

நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் காலில் குருதி உறையும் ஆபத்துக் கூடுகிறது. விமானத்தில் மட்டுமல்ல, வானில் நெடுநேரம் இருந்தாலும் அப்படித்தான். வந்திறங்கிய மறுநாளே இன்னொரு நீண்ட ஓட்டம் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். குதிக்காலை உயர்த்தித் தாழ்த்த வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் உடனே காட்டுங்கள்.

பழைய பயணப் புத்தகங்களைப் படித்த கருவி மலேரியாக் குளிசையைச் சிபாரிசு செய்யலாம். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. எங்கள் கவலை டெங்கு. அந்த நுளம்பு பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் எடுங்கள். ஐபுபுரோபனையோ அஸ்பிரினையோ நீங்களாக எடுக்க வேண்டாம். இதயத்திற்கோ பக்கவாதத்திற்கோ வைத்தியர் அஸ்பிரின் தந்திருந்தால், நிறுத்துவதா தொடர்வதா என்று உடனே வந்து கேளுங்கள். "இது எங்கட ஊர்தானே" என்று தடுப்பூசி போடாமல் வருபவர்கள் பலர். உங்களுக்கு இது சொந்த ஊர். உங்கள் பிள்ளையின் வயிற்றுக்கு இது புதிய ஊர். நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி தடுப்பூசி பற்றிப் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். அவசரம் என்றால் 1990 என்ற இலக்கம். இலவச அம்புலன்ஸ் வரும். அதைத் திட்டத்தின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

இன்னொன்று. கடவுச்சீட்டின் படத்தையும், பெயர் விலாசத்தோடு கூடிய வைத்திய அறிக்கைகளையும் இந்தக் கருவிகளுக்குள் போடாதீர்கள். "79 வயது, நீரிழிவு, முழங்கால் நோ" என்பதே திட்டமிடப் போதும். இன்னார் என்று அதற்குத் தெரியத் தேவையில்லை.

இப்போது அம்மா சொன்னதற்கு வருகிறேன். திட்டத்திற்குள் ஆட்கள் இல்லை என்றாரே. யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு பெயர் வரிசை சொன்னார். அதில் முதல் ஆறு பேர் உயிரோடு இல்லை. அவர்களின் செத்தவீட்டிற்கு வரமுடியாமற் போனது. வருடங்கள் கடந்திருந்தாலும் அந்த வீடுகளுக்குப் போய், அந்தப் பிள்ளைகளின் கையைப் பிடித்து நான்கு வார்த்தை பேசாமல் வேறு எங்கும் போகமாட்டேன் என்றார். சகோதரிகளே, வெளிநாட்டில் இருக்கும் உங்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். உலகத்தின் எந்தப் பயணப் புத்தகத்திலும் இந்த வீடுகள் இல்லை. ஆகவே எந்த இயந்திரமும் தானாக இவற்றைத் திட்டத்தில் போடாது.

ஆனால் சொன்னால் போடும். அந்த ஆறு வீடுகளும் எந்தெந்த ஊரில் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். வடமராட்சியில் இருப்பவற்றை ஒரு நாளிலும், வலிகாமத்தில் இருப்பவற்றை இன்னொரு நாளிலும், ஒரு நாளுக்கு மூன்று வீட்டுக்கு மேற்படாமல், அம்மாவின் மத்தியான நித்திரையைக் கெடுக்காமல் அடுக்கித் தந்தது. அந்த வீடுகள் ஏன் முக்கியம் என்று அதற்குத் தெரியாது. வரிசைப்படுத்தத் தெரியும். எங்களுக்குத் தேவையானதும் அதுதான்.

வெறும் நாட்களையும் கேட்டு வாங்குங்கள். இந்தக் கருவிக்கு வெற்றிடம் பிடிக்காது. ஒரு காலைப்பொழுது கிடைத்தால் அதில் ஒரு கோட்டையையோ கோவிலையோ வைத்துவிடும். "ஐந்தில் ஒரு நாளில் ஒன்றும் எழுத வேண்டாம்" என்று சொல்லுங்கள். வந்திறங்கிய மூன்றாம் நாளே யாராவது படலையில் நின்று, "நாளைக்கு மத்தியானம் எங்கட வீட்டை சாப்பாடு" என்பார்கள். "நாளைக்கு எங்களுக்கு இடம் பார்க்கிற நாள்" என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

அம்மா வந்தார். யாழ்தேவியில் ஜன்னலோரம் இருந்து வந்தார். ஆறு வீடுகளுக்கும் போனார். கீரிமலையில் கேணிப் படியில் இறங்காமல் மேலே இருக்க, பேரப்பிள்ளை தண்ணீர் அள்ளி வந்து காலில் ஊற்றினாள். நல்லூர் வீதி மணலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் மூன்று மாலைகள் இருந்தார். சீகிரியாவைப் பேரனின் கைத்தொலைபேசியில் பார்த்து, "போதும்" என்றார். 23 நாட்களில் ஒரு தடவைகூட என் வைத்தியசாலைக்கு நோயாளியாக வரவில்லை. இனி அந்த நீண்ட விமானப் பயணம் அவரால் முடியாது என்று அங்குள்ள வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே அந்த 23 நாட்களுக்கு இரண்டாம் பதிப்பு இல்லை.

நூற்றாண்டுக்கு வரும் பலருக்கும், உங்கள் தாய் தந்தையர் பலருக்கும் நிலைமை இதுதான். அதனால்தான் திட்டத்தை இவ்வளவு பொறுப்போடு போடச் சொல்கிறேன். இயந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது களைக்காது, பத்துத் தடவை மாற்றச் சொன்னாலும் முகம் சுளிக்காது. ஆனால் கணக்கை உங்களில் மெதுவாக நடப்பவரின் காலில் இருந்து தொடங்குங்கள். போட்டு முடிந்ததும் அவருக்கே முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். அவர் தலையாட்டும்வரை ரிக்கற் எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைகள் சிலர் இப்போது வெளியே வர முடியாமல் வீட்டோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் தூரதேசத்தில். சங்கத்திடம் அவர்களின் விலாசங்கள் உண்டு. உங்கள் திட்டத்தில் ஒரு பின்னேரத்தை அவர்களில் ஒருவருக்கு ஒதுக்குங்கள். நான்கு மணிக்குப் பிறகு போங்கள். மத்தியானம் அவர்கள் படுத்திருப்பார்கள். இனிப்புக் கொண்டு போகாதீர்கள். அவர்களில் பலருக்குச் சீனி வருத்தம். உங்கள் பெயரையும் படித்து முடித்த வருடத்தையும் உரத்துச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் சொல்வார்கள்.

எல்லோரும் நலமாக வந்து, நலமாகத் திரும்ப வாழ்த்துகிறேன்.